மொழி தெரியாமல் பார்த்த விண்வெளி

மதிப்பிற்குரிய ஐயா,

சிறுவயதில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் வார்ஸ்’ என்ற விண்வெளிப் படங்களைப் பார்த்த அனுபவத்தைச் சென்ற மாதம் ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்தீர்கள். ஆங்கிலம் அறியாத வயதிலேயே அவை உங்களை முழுமையாக ஆட்கொண்டன என்று எழுதியிருந்ததை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. கதை புரியாத படத்தை ஒரு சிறுவன் எப்படி நேசிக்க முடியும்? பிற்காலத்தில் அறிந்துகொண்டவற்றை இளமை நினைவின்மேல் ஏற்றிச் சொல்கிறீர்களோ என்று தோன்றுகிறது. இன்னொரு கேள்வியும் உண்டு. ஒன்பது வயதான என் மகளுக்கு வரும் விடுமுறையில் இப்படங்களைக் காட்ட எண்ணியிருக்கிறேன். எந்த வரிசையில் காட்டுவது? கூடவே அமர்ந்து தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டுமா?

அன்புடன்,
ச., திருச்சி

அன்புள்ள ச.,

உங்கள் ஐயம் நியாயமானது. ஆகவே அன்று எங்களுக்குப் புரிந்தது எது, புரியாமல் போனது எது என்பதைப் பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மாமா விடுப்பில் வந்தபோது கொண்டுவந்த கேசட்டுகளில் ஜார்ஜ் லூகாஸின் அந்த மூன்று படங்களும் இருந்தன. வாடகைக்கு டெக் எடுத்து, தெருப் பிள்ளைகள் அனைவரும் தரையில் அமர்ந்து, ஒரு கோடை விடுமுறை முழுவதும் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். முதல் படத்தில் நாயகன் லூக்கின் வழிகாட்டியான முதியவர் ஓபிவானும், கறுப்பு முகமூடி அணிந்த வில்லன் டார்த் வேடரும் மோதும்போது, ஒருவரது ஒளிவாள் நீலம், மற்றவரது சிவப்பு என்பதை எங்கள் பெட்டி காட்டவில்லை. இரண்டும் வெள்ளைக் கோடுகளாகவே தெரிந்தன. ஆனால் அந்த வாள்களின் ரீங்காரம், வீசும்போது ஏறியும் இறங்கியும் ஒலித்த விதம், ஒன்றோடொன்று உரசியபோது எழுந்த வெடிப்பு ஆகியவை குறைவின்றி எங்களை வந்தடைந்தன. மறுநாள் வேப்பங்குச்சிகளோடு நாங்கள் சண்டையிட்டபோது வசனம் எதையும் பேசவில்லை. அந்த ரீங்காரத்தைத்தான் வாயால் எழுப்பினோம்.

அந்த ஓசைகளை உருவாக்கியவர் பென் பர்ட். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் பயின்ற இளைஞரான அவரை, 1975-ஆம் ஆண்டில், படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பாகவே ஒலிகளைச் சேகரிக்கும் பணிக்கு அமர்த்தினார்கள். அக்கால அறிவியல் படங்களில் வழக்கமாக இருந்த மின்னணுக் கருவிகளின் கீச்சொலிகளை விலக்கிவிட்டு, நிஜ உலகில் பதிவு செய்த ஓசைகளைக் கொண்டே இந்தக் கற்பனை உலகைக் கட்ட வேண்டும் என்று லூகாஸ் விரும்பினார். ஒளிவாளின் ரீங்காரம் பழைய திரையிடும் கருவி ஒன்றின் மோட்டார் முனகலும், தொலைக்காட்சிப் பெட்டியருகே சென்ற மைக்கில் பதிவான இரைச்சலும் கலந்து பிறந்தது. அந்தக் கலவையை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதன் முன்னால் மைக்கை வீசி அசைத்து, வாள்வீச்சின் ஏற்ற இறக்கத்தைப் பெற்றார் பர்ட். வானொலிக் கோபுரத்தை இழுத்து நிறுத்தும் கம்பியைச் சுத்தியலால் தட்டிய ஓசை துப்பாக்கிகளுக்கு ஆயிற்று. வேடர் பணியாற்றும் கொடுங்கோல் பேரரசின் சிறு போர்க்கலங்கள் பாய்ந்து வரும்போது கேட்கும் அந்த அலறலில் யானையின் பிளிறலும், ஈரச் சாலையில் விரையும் காரின் ஓசையும் இருக்கின்றன. இதையெல்லாம் நான் அறிந்தது வெகு காலம் கழித்துத்தான். ஆனால் கோயில் யானையின் குரலை அருகில் நின்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்த ஓசையில் உயிருள்ள ஒன்றின் சீற்றம் இருப்பதை உணர எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

மொழியைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் படம் கால் மணி நேரத்துக்கும் மேலாக நாயகனைக் காட்டுவதே இல்லை. அதுவரை நம்மை அழைத்துச் செல்பவை இரண்டு இயந்திரங்கள். அவற்றில் ஆர்டூ-டீடூ கடைசிவரை ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. அதன் சீழ்க்கைகளும் முனகல்களும் பர்ட்டின் சொந்தக் குரலையும் சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியையும் இணைத்து உருவானவை. அதனால்தான் அதன் பயமும் பிடிவாதமும் ஒரு குழந்தையின் மழலைபோல அப்படியே விளங்குகின்றன. உடலெங்கும் மயிர் மூடிய வேற்றுக்கிரகவாசி சூபாக்காவின் குரல் கரடி, வால்ரஸ், சிங்கம் போன்ற விலங்குகளின் குரல்களைத் துண்டு துண்டாக இணைத்துச் செய்தது. இவ்விருவர் பேச்சுக்கும் திரையில் எழுத்து வடிவ விளக்கம் வருவதில்லை. ஆங்கிலம் தாய்மொழியான அமெரிக்கச் சிறுவனும் நாங்களும் இங்கே ஒரே வரிசையில்தான் அமர்ந்திருந்தோம். 1983-இல் வந்த மூன்றாம் படத்தில், இறுதிப் போரில் விண்கலத்தின் துணை விமானியாக வரும் விசித்திர முகத்துக்காரனுக்குக் கென்ய மாணவர் கிப்சாங் ரோட்டிச் ஒரு கிழக்கு ஆப்பிரிக்க மொழியில் குரல் கொடுத்திருக்கிறார்; உலகின் பெரும்பகுதிக்கு வேற்றுக்கிரகப் பேச்சாக ஒலித்த அது, அம்மொழி அறிந்தவர்களுக்கு நேரடியாகவே விளங்கியிருக்கும். மௌனப்படக் காலத்து முறையில், காட்சியும் இசையுமே கதையை நகர்த்தும்படி தாம் இப்படங்களை அமைத்ததாக லூகாஸும் சொல்லியிருக்கிறார்.

இதற்கு மிகச் சிறந்த சான்று, லூக் வீட்டைவிட்டு வெளியே வந்து இரண்டு சூரியன்கள் மறைவதைப் பார்த்து நிற்கும் காட்சி. துனிசியாவின் உப்புப் பாலைவனத்தில் எடுக்கப்பட்டது அது. சித்தப்பாவோடு சாப்பாட்டு மேசையில் நடந்த வாக்குவாதம் எதைப் பற்றியது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஜான் வில்லியம்ஸின் இசையில் ஒற்றைக் கொம்பு வாத்தியம் மெல்லத் தொடங்கி, பிறகு வயலின்கள் அனைத்தும் எழுந்து சேர்ந்துகொள்ளும்போது, அவன் ஊரைவிட்டுப் போக ஏங்குகிறான், போகவிட மறுக்கிறார்கள் என்பது எங்களில் மிகச் சிறியவனுக்கும் தெரிந்தது. பேச்சே இல்லாத அந்தச் சில நொடிகளுக்கு இணையாக அந்த வரிசையின் பிற்காலப் படங்களில் எதையும் நான் காணவில்லை.

புரியாமல் போனதையும் சொல்ல வேண்டும். 1980-இல் வந்த இரண்டாம் படத்தின் முடிவில், லூக்கின் கையை வெட்டிய வேடர், தானே அவன் தந்தை என்கிறான். எளிய வாக்கியம்தான், ஆனால் முகமூடிக்குள்ளிருந்து வரும் கனத்த குரலில் அது எங்கள் காதுக்குப் பிடிபடவில்லை. படப்பிடிப்பில் வேடரின் உடை அணிந்து நின்ற டேவிட் பிரௌஸுக்கே வேறொரு வசனம்தான் கொடுக்கப்பட்டிருந்தது. உண்மையான வாக்கியத்தை, வேடருக்குக் குரல் கொடுத்த நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் பிறகு ஒலிப்பதிவில் பேசினார். அவ்வளவு பாதுகாக்கப்பட்ட அந்த ரகசியம் எங்கள் கூடத்தில் பல முறை ஒலித்தும் ரகசியமாகவே நீடித்தது. வலி தாங்காமல்தான் லூக் அலறுகிறான், எதிரியிடம் பிடிபடாமல் இருக்கவே பள்ளத்தில் விழுகிறான் என்று நம்பினோம். அதன் விளைவாக, மூன்றாம் படத்தில் வேடர் தன் பேரரசனையே தூக்கி எறிந்து லூக்கைக் காப்பாற்றுவது எங்களுக்குத் தீராத புதிராக இருந்தது. கல்லூரி விடுதியில் மீண்டும் பார்த்தபோதுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. எனவே மொழி இல்லாமலே எல்லாம் விளங்கியது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த உலகமும் அதன் மனிதர்களின் அச்சமும் ஏக்கமும் விளங்கின, உறவு விளங்கவில்லை.

உங்கள் மகளுக்கு 1977 படத்திலிருந்து தொடங்கி, வெளிவந்த வரிசையிலேயே காட்டுங்கள். அது முதலில் திரைக்கு வந்தபோது நான்காம் பாகம் என்ற குறிப்பே அதில் இல்லை. 1981 மறுவெளியீட்டில்தான் அதைச் சேர்த்தார்கள். 1999, 2002, 2005-இல் முதல் மூன்று பாகங்களாக வந்த முற்கதைப் படங்களை முதலில் காட்டினால், வேடர் யார் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நாங்கள் மொழியால் இழந்ததை அவள் வரிசையால் இழப்பாள். இன்று பரவலாகக் கிடைப்பவை 1997-இலும் அதன் பிறகும் மாற்றங்கள் செய்யப்பட்ட பதிப்புகள். பாலைவன நகரக் காட்சிகளில் கணினியால் திணித்த விலங்குகள் எனக்கு உறுத்தலாகவே இருக்கின்றன. ஆயினும் முதல் முறை பார்க்கும் குழந்தைக்கு அது பெரிய தடையாகாது.

படம் ஓடும்போது இடையில் எதையும் விளக்க வேண்டாம். கைப்பேசியில் காட்டாமல், நல்ல ஒலிபெருக்கி உள்ள இடத்தில் காட்டுங்கள். வேடரின் அந்த ஒரு வாக்கியத்துக்கு அவளுடைய பள்ளி ஆங்கிலமே போதும். பேச்சு தெளிவாகக் கேட்கவில்லையென்றால் திரையில் எழுத்துகள் ஓடட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்.