வலிப்பு மாத்திரை: வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் வாங்கலாமா?

கேள்வி: என் தங்கை சில வருடங்களாக கார்பமசெபின் சாப்பிடுகிறாள். இந்த முறை மருந்துக்கடையில் வழக்கமான மாத்திரை இல்லை. "மருந்து அதேதான், கம்பெனிதான் வேறு" என்று வேறு அட்டையைக் கொடுத்தார்கள். அதைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. பழைய மாத்திரை இன்னும் இரண்டு நாளுக்குத்தான் வரும். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று, மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கம்பெனி மாறுவதைவிட வேளை தவறுவதுதான் பெரிய ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடங்காமல் தொடர்ந்து வரும் நிலைகூட ஏற்படலாம். அது உயிருக்கே ஆபத்து. இரண்டு நாள் அவகாசம் இருக்கிறதே, இன்றே டாக்டரிடம் பேசுங்கள். வேறு கடைகளிலும் பழைய கம்பெனி மாத்திரையைக் கேட்டுப் பாருங்கள். எங்குமே கிடைக்காமல், டாக்டரையும் பிடிக்க முடியாமல் போனால், மருந்தின் பெயர், மில்லிகிராம், மாத்திரையின் வகை மூன்றும் பழைய அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் புதியதைக் கொடுங்கள். மாத்திரையே இல்லாமல் விடுவதைவிட அது மேல். டாக்டரிடம் பிறகாவது அவசியம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. கார்பமசெபின், பெனிட்டாயின், பீனோபார்பிட்டால் ஆகிய வலிப்பு மருந்துகளின் அளவு ரத்தத்தில் சற்றுக் குறைந்தாலும் வலிப்பு திரும்பலாம். சற்றுக் கூடினாலும் தலைசுற்றல், தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது என்று தொந்தரவு வரலாம். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் இந்த மருந்துகளை ஒரே கம்பெனியில் தொடரும்படி அறிவுறுத்தியதற்குக் காரணம் இதுதான். லெவெடிராசெட்டம், கபாபென்டின் போன்ற வேறு வலிப்பு மருந்துகளுக்குப் பொதுவாக அந்தக் கண்டிப்பு தேவையில்லை என்றும் அது சொன்னது.

வகை என்று சொன்னேனே, கடையில் அதிகம் தவறிப்போவது அதில்தான். பெயருக்குப் பின்னால் சி.ஆர்., எஸ்.ஆர். என்றிருந்தால் அது மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரை. சாதாரண மாத்திரைக்குப் பதில் அதையோ, அதற்குப் பதில் சாதாரண மாத்திரையையோ டாக்டர் சொல்லாமல் மாற்றக் கூடாது. மெதுவாக வெளிவிடும் மாத்திரையைப் பொடித்தோ மென்றோ சாப்பிடவும் கூடாது. மெதுவாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.

இனிமேல் பத்து நாள் மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். பழைய அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். அப்புறம், குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள். ஈரம் பட்ட கார்பமசெபின் மாத்திரை தன் வீரியத்தில் மூன்றில் ஒரு பங்குவரை இழக்கலாம். பார்க்க நன்றாகவே இருக்கும், காலாவதி தேதியும் தாண்டியிருக்காது.

சளி, காய்ச்சல், வலி என்று வேறு மருந்து வாங்கும்போதும் கடைக்காரரிடம் வலிப்பு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லியே வாங்குங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக், கார்பமசெபின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். டிரமடால் என்ற வலி மருந்து வலிப்பையே தூண்டலாம். தங்கை கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால் கார்பமசெபின் அதன் பலனைக் குறைத்துவிடும். வேறு முறைக்கு மாறுவது பற்றி அவர் டாக்டரிடம் கேட்க வேண்டும்.