சிவப்பு மணல், கருப்பு மணல்

கேள்வி: கன்னியாகுமரி கடற்கரையில் என் மகள் ஒரு சின்ன டப்பாவில் சிவப்பும் கருப்புமாக மணல் அள்ளி வந்தாள். யாரோ சாயம் கலந்துவிட்டார்கள் என்கிறார் மாமா. உண்மையில் அது என்ன?

பதில்: சாயமெல்லாம் இல்லை, மாமாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். சிவப்பாக இருப்பது கார்னெட் என்ற கனிமம், கருப்பு பெரும்பாலும் இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் கலந்த கனிமம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் காலங்காலமாகச் சிதைந்து, ஆறு இழுத்து வந்து கடலில் சேர்த்தவை இவை. அலை கரையில் மோதித் திரும்பும்போது சாதாரண மணலான லேசான வெள்ளைக் குவார்ட்ஸை இழுத்துப் போகிறது, கனமானவை கரையிலேயே வரிவரியாகத் தங்கிவிடுகின்றன, நம் வீட்டில் முறத்தில் புடைக்கிற மாதிரிதான்.

ஒரு வெள்ளைத் தாளில் சிட்டிகை மணலைப் பரப்பி லென்ஸ் வைத்துப் பாருங்கள். கார்னெட் மாதுளை முத்து மாதிரி வெளிச்சத்தை உள்ளே விடும், இல்மனைட் விடாது, உலோகம் போல மினுங்கும். அப்புறம் தாளுக்கு அடியில் நல்ல வலுவான நியோடிமியம் காந்தத்தை மெதுவாக நகர்த்தினால் கருமணிகள் பின்னாலேயே வரும். கார்னெட்டும் கொஞ்சம் அசையும், வெள்ளைக் குவார்ட்ஸ் கிடந்த இடத்திலேயே கிடக்கும். எனக்கு இதைப் பார்க்க இன்றும் அலுக்கவில்லை.

மஞ்சள் கலந்த பழுப்பு மணிகள் தெரிந்தால் மோனசைட் என்ற கனிமமாக இருக்கலாம். அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு; கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டை 1909-ல் கண்டறிந்தார்கள். டப்பாவில் இருக்கும் அளவுக்குப் பயம் வேண்டாம், ஆனால் வாயில் படாமல் கை கழுவச் சொல்லுங்கள். அடுத்த முறை போனால் மூட்டையாக அள்ள வேண்டாம், அங்கேயே பார்த்துவிட்டுக் கொட்டிவிடட்டும்.