வாசகர் கேள்வி பதில்: பட்டி வைத்தும் திரும்பி வரும் வெடிப்பு

கேள்வி: என்னிடம் 1971ஆம் ஆண்டின் செவர்லே கார்வெட் இருக்கிறது. முன்பக்க இடது மட்கார்டில், சக்கர வளைவுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்திருந்தார். நானும் ஒரு முறை அதையே செய்தேன். குளிர்காலம் முடிந்ததும் அதே இடத்தில் அதே கோடு தெரிகிறது. வீட்டு கராஜிலேயே நிரந்தரமாகச் சரிசெய்ய முடியுமா?
வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: முடியும், ஆனால் பட்டியால் முடியாது. உங்கள் காரின் உடல், பாலியஸ்டர் ரெசினில் கண்ணாடி இழைகள் தோய்ந்து இறுகிய, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபைபர்கிளாஸ் தகடு. விசையைத் தாங்குவது இழை. இழைகளை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது ரெசின். வெடிப்பு விழுந்த இடத்தில் இழை அறுந்திருக்கிறது. பட்டியில் இருப்பது ரெசினும் தூளும்தான் என்பதால், கார் ஓடும்போது அறுந்த இரு விளிம்புகளும் அசைய அசைய அது நடுவே பிளந்து, மேலுள்ள பெயிண்டையும் பிளந்துவிடுகிறது. அறுந்த இழைக்குப் பதிலாகப் புது இழையைப் போட்டால்தான் வெடிப்பு நிற்கும்.

அதற்கு முன், வெடிப்பு ஏன் வந்தது என்று கண்டுபிடியுங்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டு மட்கார்டின் உட்புறத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கார்வெட்டில் இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் பின்புறமாக ஒரு ஃபைபர்கிளாஸ் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான வண்டியில் அந்த ஒட்டு விட்டுப்போயிருப்பது சகஜம். விரல் கணுவால் தட்டிப் பார்த்தால், விட்டுப்போன இடம் வெற்றோசை தரும். அதை மறுபடி ஒட்டாமல் மேற்புறத்தில் எவ்வளவு வேலை செய்தாலும் வீண்.

பிறகு பழைய பட்டியையும் பெயிண்டையும் துளியும் விடாமல் 36ஆம் எண் உப்புத்தாள் வட்டு கொண்டு தேய்த்து எடுங்கள். தேய்த்த இடத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்: மற்ற இடமெல்லாம் நொடியில் உலர்ந்துவிட, வெடிப்புக்குள் இறங்கிய அசிட்டோன் மட்டும் ஒரு மெல்லிய ஈரக்கோடாக நிற்கும். கண்ணுக்குத் தெரிந்ததைவிட வெடிப்பு நீளமானது என்பது பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும். அதன் உண்மையான இரு முனைகளிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் அது மேலும் ஓடாது.

வேலையின் உயிர் இதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. வெடிப்பின் இரு பக்கமும் தகட்டைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிமனைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலம் என்பது நல்ல கணக்கு. 3 மில்லிமீட்டர் தகட்டுக்குப் பக்கத்துக்கு 36 மில்லிமீட்டர் வருகிறது; நான் 50 வரை போகச் சொல்வேன். புது ரெசின் பழைய ரெசினோடு உருகிக் கலப்பதில்லை, அதன் சொரசொரப்பான முகத்தைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது என்பதால், பற்றிக்கொள்ளும் பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் உறுதி. நல்ல தகட்டைத் தேய்க்க மனம் வராமல் குறுகிய பள்ளத்தோடு நிறுத்திக்கொள்பவர்களின் வேலைதான் இரண்டாம் ஆண்டில் பிளந்துகொள்கிறது.

முதலில் உட்புறத்தைத் தேய்த்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டில் (துண்டு கண்ணாடி இழைகளாலான விரிப்பு) இரண்டு அடுக்கு ரெசினோடு போட்டு இறுக விடுங்கள். அதன் பிறகு மேற்புறச் சரிவை நிரப்புங்கள். முதல் துண்டு சரிவு முழுவதையும் மூடட்டும், அடுத்தவை படிப்படியாகச் சிறிதாகட்டும். மேட்டைக் கத்தரிக்காமல் கையால் கிழித்தால் ஓரத்து இழைகள் பிரிந்து நின்று, விளிம்பு தடித்துத் தெரியாது. தூரிகையால் இழுக்காமல் குத்திக் குத்தி ரெசினை ஏற்றுங்கள். வெள்ளையாக இருந்த மேட் ரெசின் ஊறியதும் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். எங்கே வெள்ளைப் புள்ளி மிஞ்சுகிறதோ அங்கே காற்று நிற்கிறது, அதை ரோலரால் உருட்டி வெளியேற்றுங்கள். மேட்டின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும். ஒரே மூச்சில் மூன்று அடுக்குக்கு மேல் போட்டால், இறுகும்போது எழும் சூடே வெடிப்பை உண்டாக்கும். கிண்ணத்தில் மிஞ்சிய ரெசின் புகையும் அளவுக்குச் சூடேறக்கூடும் என்பதால் அதை வெளியே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர், 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம். உங்கள் ஊர்க் குளிரில் அதைக் கூட்டி ஊற்றினால் ஈடுகட்டிவிடலாம் என்று தோன்றும்; தயவுசெய்து வேண்டாம். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பாலியஸ்டர் முழுமையாக இறுகாது. தகட்டையும் ரெசினையும் 20 டிகிரிக்குக் கொண்டுவர முடியாவிட்டால் கோடை வரை பொறுத்திருங்கள். பாலியஸ்டர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால், சுவாலை எரியும் ஹீட்டர் அருகில் இருக்கவே கூடாது.

கேள்வி: என் கார்வெட் 1979ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பானட்டின் ஓரம் உடைந்திருக்கிறது. இதற்கும் அதே பாலியஸ்டர் ரெசின் போதுமா?
வாசகர், டெட்ராய்ட், அமெரிக்கா

பதில்: போதாது. 1953இல் ஃபிளின்ட் நகரில் தயாரான முதல் 300 வண்டிகளிலிருந்து கார்வெட் ஃபைபர்கிளாஸ் உடலோடுதான் வருகிறது என்றாலும், எழுபதுகளில் தகட்டின் சேர்மானம் மாறிவிட்டது. எஸ்.எம்.சி. எனப்படும் இந்த வகையில், ரெசினும் துண்டு இழைகளும் சுண்ணத்தூளும் சேர்ந்த மாவுபோன்ற தாளைச் சூடான அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். அச்சில் ஒட்டாமல் கழன்று வருவதற்கான பொருள் தகட்டுக்குள்ளேயே கலந்திருப்பதால், சாதாரண பாலியஸ்டர் அதன்மேல் சரியாகப் பிடிக்காது. பழுது பார்த்த இடம் சில மாதங்களில் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும்.

எபாக்ஸி ரெசினோ வினைல் எஸ்டர் ரெசினோ வாங்குங்கள். எபாக்ஸி என்றால் சாதாரண மேட் வேண்டாம். அதன் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது. நெய்த கண்ணாடித் துணியே பொருத்தம். இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் படிந்தால், அதைத் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும்.

கேள்வி: பெயிண்டை உரிக்க ரசாயன ரிமூவர் பயன்படுத்தலாமா?
வாசகர், மிசிசாகா, கனடா

பதில்: இரும்புக்கென்று விற்பதை வேண்டாம். அது ரெசினையும் மென்மையாக்கி உள்ளே ஊறி, பின்னாளில் புதுப் பெயிண்டைக் கொப்புளிக்க வைக்கும். மணல் வீச்சும் இழையைச் சிதைக்கும். கூர்மையான பிளேடால் சாய்வாகச் சுரண்டி, மீதியை உப்புத்தாளால் எடுப்பதுதான் மெதுவானது என்றாலும் பத்திரமானது.

கேள்வி: அறுபதுகளின் லோட்டஸ் எலான் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். பின்பகுதியில் நட்சத்திரம்போலப் பல கீறல்கள் ஒரு புள்ளியிலிருந்து பிரிந்து செல்கின்றன. இவையும் அறுந்த இழைகள்தானா?
வாசகர், லண்டன்

பதில்: பெரும்பாலும் இல்லை. எலானின் உடல் அச்சுக்குள் கையால் அடுக்கப்பட்டது. அதன் மேல்தோல் இழையே இல்லாத ஜெல்கோட். யாராவது கையூன்றியோ சாய்ந்தோ அழுத்தினால் அடித்தகடு வளைந்து மீண்டுவிடும், வளையத் தெரியாத ஜெல்கோட் மட்டும் கீறிக்கொள்ளும். கீறல் பரவிய இடம் முழுவதும் ஜெல்கோட்டை எடுத்துவிட்டு, சதுர மீட்டருக்கு 30 கிராம் எடையுள்ள மெல்லிய கண்ணாடி டிஷ்யூவை ரெசினில் தோய்த்துப் போர்த்துங்கள். கீறல்கள் போல்ட்டுகளைச் சுற்றி இருந்தால், போல்ட்டுகளைப் பிடிக்க உடலுக்குள் பதித்த இரும்பு உருளைகள் (பாபின்கள்) துருவேறி உப்பியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

நால்வருக்கும் பொருந்தும் எச்சரிக்கை ஒன்று உண்டு. ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்; பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். தேய்க்கும்போது தூசிக்கான முகமூடி, ரெசின் பூசும்போது ஆவிக்கான கரி வடிகட்டி முகமூடி. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. இந்தியக் கடைகளில், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டும் ஹார்டனரும் தனித்தனிப் புட்டிகளில் கிடைக்கும். அவை இரண்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே ஹார்டனரைச் சேர்க்க வேண்டும்.

பெயிண்டுக்கு அவசரப்படாதீர்கள். பாலியஸ்டர் தொட்டுப் பார்க்கக் கெட்டியான பிறகும் வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டிருக்கும். உடனே பெயிண்ட் அடித்தால் மேட்டின் இழைத்தடமும் ஒட்டின் விளிம்பும் பளபளப்பின் கீழ் எழுந்து தெரியும். பிரைமர் அடிப்பதற்கு முன், வண்டியைச் சில வாரங்கள் வெயிலில் நிறுத்தி வையுங்கள்.