ஆர்பி26 ஹெட்ல ஆயில் தேங்குற பிரச்சினை: கேட்டீங்க, சொல்றேன்

ஆர்பி26 (நிசான் ஜிடி-ஆர் கார்ல வந்த இஞ்சின்) கட்டுறவங்க அனுப்பின கேள்வியில ஹெட் (வால்வ், கேம் இருக்குற இஞ்சின் மேல் பாகம்) ஆயில் பத்தினத மட்டும் இன்னைக்கு எடுத்துக்கிறேன். டர்போ சைஸ், ட்யூனிங் கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அது இன்னொரு நாள்.

பிரவீன்: அண்ணா, ஆர்பினாலே ஹெட்ல ஆயில் தேங்கும்னு பயமுறுத்துறாங்களே, நிசான்காரனுக்கு இது தெரியாதா?

தெரியாம என்ன. 1989ல ஆர்32 ஜிடி-ஆர்ல வந்தப்போ 2568 சிசி, பேப்பர்ல 280 பிஎஸ், அந்த அளவுல ரோட்ல ஓட்டுறவனுக்கு ஒரு குறையும் இல்ல. நாம பூஸ்ட்ட ஏத்தி, பெரிய பம்ப் போட்டு, 8000 ஆர்பிஎம்முக்கு மேல பிடிச்சு வைக்கிறப்போதான் வம்பு. மேல போற ஆயில பம்ப் தள்ளுது, கீழ வர்ற ஆயில தள்ள ஆளே இல்ல, தானா வழிஞ்சுதான் வரணும், அதுவும் எந்த ஓட்டை வழியா வரணுமோ அதே ஓட்டை வழியா பிஸ்டன் ரிங் தாண்டி வர்ற ப்ளோ-பை கேஸ் மேல ஏறிட்டு இருக்கும். பூஸ்ட் கூடக் கூட கேஸ் கூடும், ஆயில் இறங்காது, கேம் கவர் ரொம்பி ப்ரீதர் (கேஸ் வெளிய போற குழாய்) வழியா கேட்ச் கேனுக்கு (வழியிற ஆயில பிடிக்கிற டப்பா) போயிடும், கீழ ஆயில் தேங்குற சம்ப் காலி, அங்க ஆயில உறிஞ்சுற பிக்கப் காத்த உறிஞ்சும், பேரிங் காலி. அதனாலதான் சொல்றேன், மேல தெரியுற இந்தப் பிரச்சினையில பாதி கீழ க்ராங்க்கேஸ்ல இருந்து வர்றது.

ஹரி: ரெஸ்ட்ரிக்டர் எவ்ளோ சைஸ் ப்ரோ? ஒருத்தர் 1 மிமீ போடுங்கறாரு, இன்னொருத்தர் 1.5ங்கறாரு.

ரெஸ்ட்ரிக்டர்னா ஹெட்டுக்குப் போற ஆயில குறைக்கிற சின்ன துளை. ப்ளாக் டெக்ல (ப்ளாக்கோட மேல் முகம்) ஹெட்டுக்கு ரெண்டு ஃபீட் இருக்கு. ஆர்பி26ல வால்வ தள்ளுற லிஃப்டர் சாலிட் (வேலை செய்ய ஆயில் பிரஷர் தேவையில்லாத வகை), அதனால ஒண்ண அடைச்சிட்டு இன்னொண்ணுல 1.5 மிமீ போடுறதுதான் ரொம்ப நாளா இருக்குற பழக்கம். எத அடைக்கணும்ங்கறதுல ஆளுக்கொரு கட்சி. மிமீல பாத்தா வித்தியாசம் சின்னதா தெரியும், பரப்புல கணக்குப் போடுங்க: 1.2க்கு இறங்கினா 1.5ல 64 சதவீதம்தான், 1.0னா 44 சதவீதம். பெரிய பம்ப், கூடுன பிரஷர்னா 1.2 பக்கம் போகலாம். அதுக்காக சும்மா 1.0க்கு ஓடாதீங்க, வால்வ் ஸ்ப்ரிங்க குளிர வைக்கிறதே அந்த ஆயில்தான், ஸ்டிஃப் ஸ்ப்ரிங் பெரிய லிஃப்ட் கேம் போட்டுட்டு ஆயில கட் பண்ணினா கேம் லோப்ல கீறல்ல தெரிஞ்சிடும்.

சுதன், மெல்பர்ன்: அண்ணை, என்ர ஆர்32 ட்ராக்கில நீண்ட வளைவு எடுக்கேக்க ஒயில் பிரஷர் விழுகுது. ஹை ஃப்ளோ பம்ப் போட்டா சரி வருமோ?

வராது தம்பி, கூடத்தான் கெடும். வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி பிக்கப் காத்த உறிஞ்சுது, பெரிய பம்ப் போட்டா சம்ப இன்னும் சீக்கிரம் காலி பண்ணும், பிரஷர் ரெண்டு மடங்கானா அதே ரெஸ்ட்ரிக்டர்ல மேல போற ஆயிலும் சுமார் 1.4 மடங்கு ஆகும். முதல்ல சம்ப்ல பேஃபிள் (ஆயில் ஒதுங்காம தடுக்குற தகடு) போடு, பக்கவாட்டுல எக்ஸ்டென்ஷன் வெல்ட் பண்ணு. ஜிடி-ஆர்ல முன் டிஃப் சம்போட ஒட்டி இருக்கு, ஆக்ஸில் நடுவுல போகுது, அதனால இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, இடம் பாத்து பண்ணு. பிரஷர் சென்சர லாகர்ல போட்டு எந்த வளைவுல எவ்ளோ விழுதுனு பாரு, 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐங்கற பழைய கணக்கு இதுக்குப் போதும். 1992க்கு முந்தின க்ராங்க்னா பம்ப் ட்ரைவ் (ஆயில் பம்ப சுத்துற க்ராங்க் பகுதி) குட்டையா இருக்கும், இஞ்சின் பிரிச்சிருக்கப்பவே அத நீளமாக்குற காலர் போட்டுடு.

விக்னேஷ்: பின்னாடி ஹெட்ல இருந்து சம்புக்கு ஒரு ஹோஸ் இழுக்குறாங்களே, எங்க கொண்டுபோய் சேக்கணும்?

ஆயில் லெவலுக்கு மேல. ட்ரெயின்னு பேரு, ஆனா அது செய்ற முக்கியமான வேலை க்ராங்க்கேஸ் கேஸுக்கு தனி வழி கொடுக்குறது. கேஸ் இந்த ஹோஸ்ல மேல ஏறிட்டா ப்ளாக்ல இருக்குற பழைய ஓட்டைங்க ஆயில் இறங்க ஃப்ரீயா கிடைக்கும். ஹோஸ் சைஸ் டேஷ் 10 இல்ல டேஷ் 12 போடுங்க, 10னா 16 மிமீ கிட்ட, 12னா 19. நடுவுல தொங்க விட்டு வளைக்காதீங்க, அந்த வளைவுல ஆயில் நின்னு கேஸுக்கு மூடி போட்ட மாதிரி ஆயிடும்.

ஷாஜஹான்: ஆர்பி30 ப்ளாக் மேல ஆர்பி25 ஹெட் போடுறேன், அதே 1.5 ஓகேவா?

உங்க ஹெட் ஹைட்ராலிக் லிஃப்டரா, சாலிடா, அத பாத்துட்டு வாங்க. ஹைட்ராலிக்னா அதுக்கு பிரஷர் வேணும், 26க்குப் போடுற மாதிரி நெறுக்கினா கட கடனு தட்டும். விசிடி (ஆயில் பிரஷர்ல கேம் டைமிங்க மாத்துற அமைப்பு) இருந்தா அதுக்கு வெளியில இருந்து தனி ஆயில் லைன் இழுக்கணும், 30 ப்ளாக்ல அதுக்கு வழி கிடையாது.

அனிதா: ஹெட் இப்போ பெஞ்ச்ல கெடக்கு, மாட்டுறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

நல்ல நேரத்துல கேட்டீங்கம்மா. ஹெட் கேஸ்கெட்ட டெக் மேல வெறுமனே வச்சு ஒவ்வொரு ட்ரெயின் ஓட்டையையும் டார்ச் அடிச்சு பாருங்க, கேஸ்கெட் விளிம்பு ஓட்டைக்குள்ள நீட்டிட்டு இருந்தா அங்கயே பாதி அடைப்பு. ஓட்டை வாயில விரல விட்டா வார்ப்புல மிஞ்சின பிசிறு தட்டுப்படும், அத டை க்ரைண்டர்ல வழவழனு எடுங்க, ஆனா கேஸ்கெட் உக்கார்ற முகத்துல கல்லு படக் கூடாது. அப்புறம் ரெஸ்ட்ரிக்டர் துளைக்குள்ள 1.5 மிமீ ட்ரில் பிட்டோட வால் பக்கத்த விட்டுப் பாருங்க, ஒரு துளி சிலிகான் சீலன்ட் உள்ள போனாலும் ஹெட் பட்டினிதான். சீலன்ட்ட கம்மியா போடுங்கனு தலையால அடிச்சுக்குறேன், யாரு கேக்குறா.

ரமேஷ், கோலாலம்பூர்: அண்ணே, ஒரு லிட்டர் கூட ஊத்தி ஓட்டலாமா?

ட்ராக் டேக்கு அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும் பலர் ஊத்துறாங்க, தற்காலிகமா ஓகே. ரொம்ப கூடினா க்ராங்க் ஆயில அடிச்சு நுரையாக்கும். இன்னொண்ணு, கேட்ச் கேன் ரொம்புதேனு பெரிய கேன் வாங்குறத விட லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டர்ல காத்த அடைச்சு எவ்ளோ கசியுதுனு பாக்குறது) எடுங்க, ரிங் போயிருந்தா எந்த ஹோஸ் போட்டாலும் வேஸ்ட்.

பிரவீன்: கடைசியா, இதெல்லாம் விட்டுட்டு நேரா ட்ரை சம்ப் போயிடலாமா?

காசு இருந்தா தாராளமா. ட்ரை சம்ப்னா ஆயில சம்ப்ல தேக்காம தனி டேங்க்ல வைக்கிறது. அதுல இருக்குற ஸ்கேவெஞ்ச் பம்ப் க்ராங்க்கேஸ்ல இருந்து ஆயிலோட கேஸையும் சேத்து உறிஞ்சுது, மேல ஏற கேஸே மிஞ்சாது, ஆயில் தானா இறங்கும். ஆனா அப்பவும் ஹெட்டுக்கு ரெஸ்ட்ரிக்டர் வேணும், அத மறந்துட்டு வந்து நிக்காதீங்க.