படத்தில் இருக்கும் தையல் கிளைமில் இல்லையே!

கேள்வி: திருப்பூரில் குழந்தை ஆடை தயாரிக்கிறோம். பிரஸ் பட்டனின் சாக்கெட்டை (குழிவான பாதியை) இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே வைத்து, சுற்றிலும் தைத்து மூடும் அமைப்புக்குக் காப்புரிமை கேட்டோம். துணிமேல் ஒட்டிய சாக்கெட் பற்றிய பழைய காப்புரிமையைக் காட்டி, புதுமை இல்லை என்று சென்னை அலுவலகம் நிராகரித்துவிட்டது. எங்கள் கிளைமில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகத்தில், ‘அட்டாச்ட் டு தி ஃபேப்ரிக்’ (துணியோடு இணைத்தது) என்றுதான் இருக்கிறது. மேல்முறையீட்டில் படத்தைக் காட்டி ஜெயித்துவிடலாம் என்கிறார் கன்சல்டன்ட். நம்பலாமா?

பதில்: இதே வாசகத்தோடு போவதென்றால் நம்பாதீர்கள். ஒட்டினாலும் ‘அட்டாச்ட்’தான், தைத்தாலும் ‘அட்டாச்ட்’தான். எல்லா வகையையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்; அதில் ஒன்று பழைய ஆவணத்தில் இருந்தாலே புதுமை போய்விடும். பழசு என்பதற்குக் காலவரம்பும் இல்லை. 1885இல் ஜெர்மனியில் ஹெரிபர்ட் பாயர் காப்புரிமை பெற்ற பட்டனைக்கூட எடுத்துக் காட்டலாம். கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தில் தரும் விவரக்குறிப்பும் படமும் கிளைமில் இருக்கும் சொல்லுக்குப் பொருள் காண உதவும். இல்லாத தையலை உள்ளே கொண்டுவர உதவாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. விவரக்குறிப்பிலேயே ‘இந்த ஆவணத்தில் அட்டாச்ட் என்றால் இரு அடுக்குக்கு இடையே வைத்துத் தைப்பது’ என்று நீங்களே வரையறுத்திருந்தால் அந்தப் பொருளில்தான் கிளைமை வாசிக்க வேண்டும். ‘உதாரணமாகத் தைக்கலாம்’, ‘தைப்பது நல்லது’ என்பவை வரையறை ஆகாது. ‘தைக்கலாம் அல்லது ஒட்டலாம்’ என்று எழுதியிருந்தால் உங்கள் வாதத்தை நீங்களே வெட்டிவிட்டீர்கள். கிளைமை அகலமாகக் காட்ட காப்புரிமை ஏஜெண்டுகள் பழக்கதோஷத்தில் சேர்க்கும் வரி இது. முதலில் அதைத் தேடுங்கள்.

வரையறை இல்லையா? கிளைமைச் சுருக்குவதுதான் வழி. ‘இரு அடுக்குக்கு இடையே, சுற்றுத் தையலால்’ என்பது முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பில் இருந்தால் காப்புரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இடம் தருகிறது. மேல்முறையீட்டிலும் உயர் நீதிமன்றங்கள் இதை ஏற்றதுண்டு. ஆனால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: சாக்கெட்டைத் துணிக்குள் வைத்துத் தைப்பது எந்தத் தையல்காரருக்கும் தோன்றாதா? அதற்குப் பதில் சொல்ல, பட்டனின் பல் குழந்தையின் தோலில் படாதது, சலவையில் கழன்று வராதது போன்ற பலன் விவரக்குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வக்கீலிடம் போகுமுன் கிளைம் 1ஐத் துண்டு துண்டாக, வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். பக்கத்தில் பழைய ஆவணத்தில் அது எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். காலியாக நிற்கும் வரிதான் உங்கள் வழக்கு. ஒன்றும் காலியில்லை என்றால், சுருக்காமல் கட்டும் ஃபீஸ் தண்டம்.

‘நூறு சதவீதம் கிராண்ட்’ (காப்புரிமை கிடைத்துவிடும்) என்று சொல்பவரிடம் பதிவு எண் கேளுங்கள். ஏஜெண்டுகளின் பதிவேட்டைக் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் பார்க்கலாம். ஏஜெண்ட் வாதாடுவது காப்புரிமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் முன்புதான். உயர் நீதிமன்றத்துக்கு வக்கீல் வேண்டும். ‘அப்பீல் பேக்கேஜ்’ என்று முன்பணம் வாங்குபவர்கள் இதைச் சொல்வதில்லை.

மேல்முறையீட்டுக்குக் கெடு, உத்தரவுத் தேதியிலிருந்து 3 மாதம். கன்ட்ரோலரிடமே மறுஆய்வுக்குப் படிவம் 24 என்றால் 1 மாதம்தான். ஜெயித்தாலும் பல நேரம் ‘வேறு கன்ட்ரோலர் மீண்டும் விசாரிக்கட்டும்’ என்றே திருப்பி அனுப்புவார்கள். ஒழுங்காகக் காரணம் எழுதாத உத்தரவுகளால் வரும் வினை இது. அலைவது நீங்கள். 20 ஆண்டு ஆயுளோ விண்ணப்பித்த நாளிலிருந்தே கரைந்துகொண்டிருக்கும்.