கேட்காமல் போன பேஸ் கிட்டார்

அன்புள்ள சார்,

நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயது 46. கல்லூரிக் காலத்திலிருந்து ஹெவி மெட்டல் என்கிற அதிரடி ராக் இசை கேட்பவன். 2011 அக்டோபரில் மெட்டாலிகா குழு பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்தபோது கூட்டத்தில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தியவன். ஆனால் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. பெரிய இசைக்குழுக்கள் ஏன் இப்படிக் கெட்டுப்போகின்றன? மெட்டாலிகா 1991ல் விலைபோனார்கள், 1996ல் முடியை வெட்டிக்கொண்டார்கள், 2003ல் 'செயின்ட் ஆங்கர்' என்று ஒன்றைப் போட்டார்கள். மெகாடெத், அயர்ன் மெய்டன், கன்ஸ் அண்ட் ரோஸஸ் எல்லாம் இதே கதைதான். பணமும் வயதும்தான் காரணமா? ஒரு கலைஞன் எப்போது நிறுத்திக்கொள்ள வேண்டும்? என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். மெட்டாலிகாவின் '72 சீசன்ஸ்' ஆல்பத்தையே ஓடவிட்டுக்கொண்டிருந்தான். இது மெட்டாலிகாவே இல்லை என்று சொல்லி அணைத்துவிட்டேன். ரெண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நான் சொன்னது சரிதானே?

பி.கு.: 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தின் 2018 மறுபதிப்புப் பெட்டியை வாங்கலாமா? விலை யோசிக்க வைக்கிறது.

கே., கோவை

அன்புள்ள கே.,

இசை பற்றி வரும் கடிதங்களுக்குப் பெரும்பாலும் தனியாகப் பதில் எழுதிவிடுவேன். உங்களுடையதை இங்கே போடக் காரணம் இருக்கிறது. கொஞ்ச நாளாக நான் மெட்டாலிகாவின் அந்த 'ஜஸ்டிஸ்' ஆல்பத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரசிகர்கள் சிலர் அதில் பேஸ் கிட்டாரின் சத்தத்தை மட்டும் தூக்கி, தாங்களாகவே செய்துவைத்திருக்கும் வடிவங்களையும் சேர்த்துக் கேட்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் மகன் விஷயம். நீங்கள் செய்தது சரியில்லை. 16 வயதுப் பையன் ஒரு ஆல்பத்தை விடாமல் கேட்கிறான் என்றால் அந்த வீட்டில் ஒரு நல்ல காரியம் நடக்கிறது. அதைக் கையை நீட்டி அணைத்திருக்கிறீர்கள். உங்கள் அப்பா உங்களுக்கு இதைத்தானே செய்திருப்பார்? "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று அவர் சொன்னது அன்றைக்கு எப்படி வலித்திருக்கும்! அதே சொல்லைக் கொஞ்சம் மெருகேற்றி, "இது மெட்டாலிகாவே இல்லை" என்று மகனிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவன் பேசாமல் இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. போய் அவனிடம் எந்தப் பாட்டு பிடித்தது என்று கேளுங்கள். பதிலை முழுசாகக் கேளுங்கள்.

அப்புறம் உங்கள் பட்டியல். அயர்ன் மெய்டனை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். 1993ல் பாடகர் புரூஸ் டிக்கின்ஸன் போனார், ரெண்டு ஆல்பம் தடுமாறினார்கள், 1999ல் அவர் திரும்பி வந்தார், அடுத்த வருஷமே 'பிரேவ் நியூ வேர்ல்ட்'. அதைச் சரிவு என்று சொல்லக்கூடாது. அந்தக் குழுவுக்குத் தலைவர் ஸ்டீவ் ஹாரிஸ் என்ற பேஸ் வாசிப்பவர் என்பதையும் நினைவில் வையுங்கள், கீழே உதவும். மெகாடெத், கன்ஸ் அண்ட் ரோஸஸ் கதைகள் வேறு, இன்னொரு நாள் பார்ப்போம். முடியை வெட்டியதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. முடியை வைத்து இசையை எடைபோடுகிற பேச்சை இந்த வயதிலாவது விடலாம்.

நீங்கள் 1991 என்கிறீர்கள். நான் 1988 என்கிறேன். எல்லோரும் உச்சம் என்று கும்பிடுகிற 'ஜஸ்டிஸ்' ஆல்பத்தில்தான் மெட்டாலிகாவின் சரிவு தொடங்கியது. சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

மெட்டாலிகாவில் பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் வருவதற்கு முன் அவர்கள் லாஸ் ஏஞ்சலஸில் வேகமாக வாசிக்கத் தெரிந்த பையன்கள், அவ்வளவுதான். நான் வர வேண்டுமானால் நீங்கள் சான் பிரான்சிஸ்கோ பக்கம் குடிவர வேண்டும் என்று பர்ட்டன் நிபந்தனை போட்டார். மொத்தக் குழுவும் மூட்டைகட்டிக்கொண்டு போனது. ஒரு பேஸ் வாசிப்பவனுக்காக! இசையை முறையாகப் படித்தவர், பாக் போன்றவர்களின் மேற்கத்திய செவ்வியல் இசை கேட்பவர். சுருதிகளை ஒன்றின்மேல் ஒன்றாக எப்படி அடுக்குவது என்பதை குழுவின் பாடகரும் கிட்டார்காரருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் அவரிடம்தான் கற்றுக்கொண்டார். 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்' பாட்டில் மணியோசையோடு ஒரு கிட்டார் உறுமிக்கொண்டு இறங்குமே, அது கிட்டார் இல்லை. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு பர்ட்டன் வாசித்த பேஸ். பாதிப் பேருக்கு இன்றைக்கும் இது தெரியாது.

எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் தஞ்சாவூரில் எங்கள் தெருவிலிருந்த ஒரு அண்ணன். கல்யாணக் கச்சேரிகளுக்குப் போகும் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தார். இளையராஜா பாட்டுகளில் பேஸ் எங்கே ஏறுகிறது, எங்கே ஓரமாக நழுவுகிறது என்று விரலால் தொடையில் தட்டிக்காட்டுவார். முதல் நாள் என் உள்ளங்கையை எடுத்து ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்து, "தம்பி, காதால கேக்காத, கையால கேளு" என்றார். அன்றிலிருந்து எந்தப் பாட்டைக் கேட்டாலும் எனக்கு முதலில் அடியில் ஓடுவதுதான் கேட்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மெட்ராஸிலிருந்து 'ஜஸ்டிஸ்' பதிவுசெய்த கேசட் ஒன்று அவர் கைக்கு வந்தது. போட்டோம். டிரம்ஸ் டிக்டிக்கென்று அடிக்கிறது, கிட்டார்கள் அறுக்கின்றன, பேஸைக் காணோம். டேப்பில்தான் கோளாறு என்று நினைத்தோம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தார். அப்புறம் வாட்ச் கடைக்காரர்கள் வைத்திருக்கிற குட்டி ஸ்க்ரூடிரைவரால் ஹெட்டின் பக்கத்துத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தார். மேல்சத்தம் தெளிவானதே ஒழிய அடிச்சத்தம் வரவில்லை. சந்தேகத்துக்கு, பர்ட்டன் வாசித்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' கேசட்டைப் போட்டார். கும்மென்று வந்தது. திரும்ப 'ஜஸ்டிஸ்'. ஒன்றுமில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "டேப்புல கோளாறு இல்ல தம்பி. ஒருத்தன வாசிக்க விட்டுட்டு அமுக்கிட்டானுங்க" என்றார்.

அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அவர் குழுவிலும் அப்போது அதுதான் நடந்துகொண்டிருந்தது. மிக்ஸரில் அவர் லைனைக் குறைத்துவைத்திருந்தார்கள். கொஞ்ச மாதத்தில், கீபோர்டில் இடது கையே பேஸுக்குப் போதும் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் எத்தனையோ மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசித்தவர்கள் இப்படித்தான் வீட்டுக்குப் போனார்கள்.

சரி, 1986க்கு வருகிறேன். செப்டம்பர் 27 விடியற்காலை, ஸ்வீடனில் யுங்பி என்ற ஊருக்குப் பக்கத்தில் குழுவின் பேருந்து கவிழ்ந்தது. பர்ட்டன் இறந்துபோனார். 24 வயது. சாலையில் பனி உறைந்திருந்தது, வண்டி வழுக்கிவிட்டது என்றார் ஓட்டுநர். உள்ளாடையோடு அந்தக் குளிரில் சாலையில் முன்னும் பின்னும் நடந்து அந்தப் பனியைத் தேடினார் ஹெட்ஃபீல்ட். அவர் கண்ணுக்கு அது தட்டுப்படவில்லை.

அடுத்த மாதமே பேஸ் வாசிக்க ஜேஸன் நியூஸ்டெட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். துக்கத்துக்கு நேரமே கொடுக்கவில்லை. அந்தத் துக்கம் முழுவதும் புதுப் பையன் தலையில் இறங்கியது. ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு பில்லை அவர் அறைக்கு எழுதுவார்கள். ஜப்பானில் வசாபி என்கிற கடுங்காரப் பசையை வேறு எதையோ போலச் சொல்லித் தின்னவைத்தார்கள். இதெல்லாம் அவர்களே பேட்டிகளில் சொன்னவை. முந்தைய குழுவில் பாட்டு எழுதிக் குழுவையே நடத்திய ஆள் நியூஸ்டெட், பொறுத்துக்கொண்டார். 'ஜஸ்டிஸ்' ஒலிப்பதிவில் தன் பகுதியை, குழுவினர் யாரும் கூட இல்லாமல், ஒரு உதவி ஒலிப்பதிவாளரை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்துவிட்டுப் போனார். பிறகு மிக்ஸிங், அதாவது தனித்தனியாகப் பதிந்த சத்தங்களை அளவுபார்த்துச் சேர்ப்பது. அதைச் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் தாம்ஸன் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்: பேஸைக் குறைக்கச் சொன்னது டிரம்மர் லார்ஸ் உல்ரிச், குறைத்துக்காட்டியபின் இன்னும் குறைக்கச் சொன்னார்.

இதற்கு ஒரு தொழில்நுட்ப பதில் சொல்வார்கள். நியூஸ்டெட் ஹெட்ஃபீல்டின் கிட்டாரை அச்சு அசலாகப் பின்தொடர்ந்து வாசித்தார், கிட்டாரிலேயே அடிச்சத்தம் நிறைய இருந்தது, ரெண்டும் ஒரே இடத்தில் மோதின, ஒன்று குறையத்தான் வேண்டும் என்று. ஓயாமல் மேடையேறி எங்கள் காது மந்தமாகியிருந்தது என்று ஹெட்ஃபீல்டும் சொல்லியிருக்கிறார். ரெண்டும் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் பர்ட்டன் இருந்திருந்தால் கிட்டாரை அப்படியே பின்தொடர்ந்திருக்க மாட்டார். குறுக்கே ஒரு கோடு போட்டிருப்பார். நியூஸ்டெட்டுக்கு அந்தத் தைரியம் வராமல் பார்த்துக்கொண்டது யார்? அந்த அறையில் உட்கார்ந்து "உன் வழியில் ஒன்று வாசி, கேட்போம்" என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. ஒருத்தர் வாசிப்பதை மற்றவர் கேட்பதுதான் குழு. அது அங்கே நின்றுபோனது. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இப்போது உங்கள் 1991. நீங்கள் விலைபோனது என்று சொல்கிற அந்தக் கறுப்பு ஆல்பத்தை நான் சரிவுக்கு நடுவில் கிடைத்த ஒரு மீட்சி என்பேன். பாப் ராக் என்ற கனடாக்காரர் தயாரிப்பாளராக வந்தார். எல்லோரையும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்கவைத்தார். உங்கள் பாட்டெல்லாம் ஒரே 'ஈ' சுருதியில் இருக்கிறதே, கவனித்தீர்களா என்று கேட்டார். கேட்டபிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. 'சேட் பட் ட்ரூ' கீழே இறங்கி 'டி'க்குப் போனது, அதனால்தான் அந்தப் பாட்டு அப்படி நெஞ்சில் மிதிக்கிறது. 'மை ஃபிரெண்ட் ஆஃப் மிஸரி' நியூஸ்டெட்டின் பேஸில் தொடங்குகிறது. வெளியிலிருந்து ஒரு காது வந்தது, பேஸும் திரும்ப வந்தது. அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிக்கு மேல் விற்றது என்பதற்காக ஒரு ஆல்பத்தை வெறுப்பது என்ன நியாயம்? பணம் வந்தது பிறகுதான்.

ஆனால் பழக்கம் போகவில்லை. 14 வருஷத்தில் நியூஸ்டெட் பெயர் சேர்ந்த பாட்டுகள் மூன்றே மூன்று. எக்கோபிரெய்ன் என்று தனியாக ஒரு சின்னக் குழு வைத்துக்கொண்டார், அதற்கும் ஹெட்ஃபீல்ட் சம்மதிக்கவில்லை. 2001 ஜனவரியில் விலகினார். அடுத்து 'செயின்ட் ஆங்கர்'. எல்லோரும் அந்த ஸ்நேர் டிரம் தகரம்போல் அடிப்பதைத்தான் திட்டுகிறார்கள். நீங்களும் கூட்டத்தோடு கூட்டமாகத் திட்டுகிறீர்கள். யார் யார் அங்கே பேசாமல் ஆக்கப்பட்டார்கள் என்று பாருங்கள். குழுவில் பேஸ் ஆளே இல்லை, தயாரிப்பாளர் பாப் ராக்கே வாசித்தார். இன்னொரு கிட்டார்காரர் கிர்க் ஹேமட் தனியாக வாசிக்கும் சோலோக்கள் மொத்தமாக நீக்கப்பட்டன. சோலோ இல்லாவிட்டால்தான் இந்த ஆல்பம் இந்தக் காலத்தோடு பழசாகிப்போகும் என்று அவர் வாதாடியது 2004ல் வந்த ஆவணப்படத்தில் இருக்கிறது, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பிய ஹெட்ஃபீல்ட் பகல் 12 மணியிலிருந்து 4 மணி வரைதான் வேலை செய்வார், அவர் இல்லாதபோது மற்றவர்கள் பதிவைப் போட்டுக் கேட்டாலே சண்டை. சொந்த இசையைக் கேட்பதற்கே சண்டை போடும் நிலை!

அதே படத்தில் லார்ஸின் அப்பா டோர்பென் உல்ரிச் வருகிறார். பழைய டென்னிஸ் வீரர், நெஞ்சுவரை தாடி. மகன் ஆசையாக ஒரு பதிவைப் போட்டுக்காட்டி அபிப்பிராயம் கேட்கிறார். பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, என்னைக் கேட்டால் அழித்துவிடு என்பேன் என்கிறார். மகன் முகத்தைப் பாருங்கள் அப்போது. கோடிக்கணக்கில் விற்ற மனிதர், அப்பா முன்னால் சின்னப் பையனாகிவிடுகிறார். பிறகு சமாளிக்கப் பார்க்கிறார். அந்தப் பெரியவரைப் போல ஒருவர் தினமும் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். அவரும் 2023 டிசம்பரில் போய்விட்டார்.

(நானும் அதே வேலையைத்தானே செய்தேன் என்று கேட்காதீர்கள். டோர்பென் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். மகன் அபிப்பிராயம் கேட்டபிறகு சொன்னார். நீங்கள் ரெண்டும் செய்யவில்லை.)

2009ல் கிளீவ்லண்டில் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' விழாவில் மெட்டாலிகாவைக் கௌரவித்தபோது கிளிஃபின் அப்பா ரே பர்ட்டன் மேடையேறி மகனுக்கான மரியாதையை வாங்கிக்கொண்டார். அன்று நியூஸ்டெட்டும், அவருக்குப் பின் வந்த ட்ருஹீயோவும் ஒரே மேடையில் பேஸ் வாசித்தார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் தஞ்சாவூர் அண்ணன்தான் ஞாபகத்துக்கு வருவார். மகன் பங்காக வந்த ராயல்டியில் ரே பர்ட்டன், கிளிஃப் படித்த பள்ளியில் இசை பயிலும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்தார்.

எப்போது நிறுத்த வேண்டும் என்ற உங்கள் கேள்வி விட்டுப்போச்சு. அது அவர்கள் பாடு. நீங்களோ நானோ தேதி குறித்துக்கொடுக்க முடியாது. '72 சீசன்ஸ்' எனக்கு நீளம் அதிகம். ஆனால் நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டு வாசிக்கிறார்கள், பேஸ் காதில் விழுகிறது. உங்கள் பையன் காது கெட்டுப்போகவில்லை.

மறுபதிப்புப் பெட்டியை வாங்காதீர்கள். 2018லும் பேஸை அவர்கள் தூக்கவில்லை, அன்று செய்தது அன்றைய சரித்திரம் என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக 1989 சியாட்டில் மேடைக் கச்சேரியின் பதிவைத் தேடி எடுங்கள். முதல் பாட்டு 'பிளாக்கண்ட்', நியூஸ்டெட்டின் பெயர் சேர்ந்த அந்த மூன்றில் ஒன்று. ஆல்பத்தில் அதைக் கேட்டுவிட்டு உடனே இதைக் கேளுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம், உட்கார்ந்து நல்ல பெட்டியில் கேளுங்கள்.