சிறுகோள்ல என்ன இருக்குன்னு தரையில இருந்தே சொல்றாங்களே, அது யூகம் தானா?

யூகம் இல்லைங்க. நான் மாஸ்டர்ஸ் ப்ராஜெக்ட் பண்ணதே இந்த ஃபீல்டுலதான், இன்னைக்கும் எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை இது, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன். "எவ்ளோ பெரிய டெலஸ்கோப்ல பாத்தாலும் முக்கால்வாசி சிறுகோள் வெறும் புள்ளியாத்தானே தெரியுது, அதை வச்சு இந்த தாது இருக்கு அந்த தாது இருக்குன்னு எப்படி நம்புறது"ன்னு கேட்டிருக்கீங்க. புள்ளிதான், ஆனா அந்த புள்ளியோட வெளிச்சத்தை அலைநீளம் வாரியா பிரிச்சுட்டா அதுல நிறைய தகவல் இருக்கு.

நமக்கு வர்றது சிறுகோள் மேல பட்டு திரும்புற சூரிய வெளிச்சம். திரும்பும்போது அங்க இருக்குற தாது சில அலைநீளத்தை மட்டும் முழுங்கிடும். ஒலிவின், பைராக்ஸீன்னு ரெண்டு தாது, ரெண்டுலயும் இரும்பு இருக்கு, படிகத்துக்குள்ள அந்த இரும்பு எப்படி உக்காந்திருக்குங்கறதை பொறுத்து எந்த இடத்துல முழுங்கும்னு மாறும். வெளிச்சத்தோட அளவை அலைநீளம் வாரியா கோடா வரைஞ்சா, முழுங்கின இடம் பள்ளமா தெரியும். ஒலிவின்னா 1 மைக்ரானை (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) சுத்தி அகலமா ஒரு பள்ளம், பைராக்ஸீன்னா 0.9 பக்கத்துல ஒன்னு, 2 மைக்ரான் பக்கத்துல இன்னொன்னு. பள்ளத்தோட நடு எங்க விழுது, ரெண்டு பள்ளத்தோட பரப்பு என்ன விகிதம்னு அளந்து, லேப்ல விண்கல்லை பொடி பண்ணி அளந்த டேட்டாவோட ஒப்பிட்டா எது எவ்ளோ இருக்கும்னு கணக்கு போட முடியும்.

வேலை எப்படி நடக்கும்னா, ஹவாயில மௌனா கீ மலை உச்சியில, கிட்டத்தட்ட 4200 மீட்டர் உயரத்துல, நாசாவோட ஐஆர்டிஎஃப்னு 3 மீட்டர் அகச்சிவப்பு டெலஸ்கோப் இருக்கு, அதுல ஸ்பெக்ஸ்னு ஒரு கருவி, 0.7ல இருந்து 2.5 மைக்ரான் வரைக்கும் ஒரே ஷாட்ல எடுத்துடும். நேர்ல போகணும்னு இல்ல, நெட் வழியாவே அப்சர்வ் பண்ணலாம். சிறுகோளை ஸ்லிட்ல, அதாவது கருவிக்குள்ள வெளிச்சம் போற மெல்லிய இடுக்குல, நிறுத்தி ரெண்டு நிமிஷ எக்ஸ்போஷர், அப்புறம் ஸ்லிட்லயே கொஞ்சம் தள்ளி வச்சு இன்னொன்னு, ஒன்னுல இருந்து இன்னொன்னை கழிச்சா வானத்தோட வெளிச்சம் போயிடும். அடுத்து சூரியனை மாதிரியே இருக்குற ஒரு நட்சத்திரத்தை எடுத்து அதால வகுக்கணும், அப்பதான் சூரியனோட பங்கு போய் பாறையோட குணம் மட்டும் மிஞ்சும். 1.4, 1.9 மைக்ரான்ல நம்ம காத்துல இருக்குற நீராவி தொல்லை பண்ணும், அதனாலதான் அவ்ளோ உயரமான காய்ஞ்ச மலை வேணும். வகுத்து முடிச்சு ஸ்க்ரீன்ல அந்த பள்ளம் தெளிவா வந்து நிக்கும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே ராத்திரி முழுக்க முழிச்சிருக்கலாம்.

சரி, இது சரிதான்னு எப்படி தெரியும்? 1970ல மெக்கார்டுங்கற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் வெஸ்டாங்கற பெரிய சிறுகோளோட ஸ்பெக்ட்ரத்தை (அதாவது இப்படி அலைநீளம் வாரியா பிரிச்ச வெளிச்சத்தை) எடுத்து, பூமியில விழுந்த ஒரு வகை எரிமலைக்குழம்பு விண்கல்லோட இது அப்படியே ஒத்துப்போகுதுன்னு சொன்னாங்க. அங்க இருந்து கல்லு இங்க வர வழியே இல்லையேன்னு எதிர்ப்பு இருந்துச்சு. 1993ல பின்செல், ஷூன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வெஸ்டாவுல இருந்து, வியாழனோட ஈர்ப்பு கல்லை பூமி பக்கம் திருப்பி விடுற இடம் வரைக்கும், அதே ஸ்பெக்ட்ரம் உள்ள குட்டி சிறுகோள்கள் வரிசையா கிடக்குறதை தரையில இருந்தே கண்டுபிடிச்சு வழியை காமிச்சுட்டாங்க. 2011ல டான் விண்கலம் வெஸ்டாவுக்கே போய் பாத்தப்போ அந்த உறவு உறுதியாச்சு.

எனக்கு இன்னும் பிடிச்சது இட்டோகாவாங்கற சின்ன சிறுகோளோட கதை. 2001லயே தரையில எடுத்த ஸ்பெக்ட்ரத்தை வச்சு, இது எல்எல் காண்ட்ரைட்னு ஒரு வகை விண்கல்லோட பாறை, ஆனா மேற்பரப்பு மட்டும் மாறிப்போயிருக்குன்னு எழுதினாங்க. சூரியக்காத்தும் நுண்ணிய தூசும் பட்டுப்பட்டு பித்தளை குடம் கருத்துப்போற மாதிரி பாறையோட மேல்தோல் கருத்து, லேசா செவந்து, பள்ளமும் ஆழம் குறைஞ்சிடும். 2010ல ஹயபுசாங்கற ஜப்பான் விண்கலம் அங்க இருந்து கொண்டுவந்த துகளை ஜப்பான்ல பிரிச்சு பாத்தா அதே எல்எல் காண்ட்ரைட், துகள் ஓரத்துல, மேற்பரப்பு அப்படி மாறினதுக்கு அடையாளமா, நுண்ணிய இரும்பு மணிகள் கூட இருந்துச்சு. கைக்கு கல்லு வர்றதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே சொன்னதுங்க இது, இதை எப்படி யூகம்னு சொல்றது?

எல்லாத்தையும் சொல்லிட முடியாதுங்கறதும் உண்மை. உலோகத்துக்கு இந்த மாதிரி பள்ளமே கிடையாது, அதனாலதான் சைக்கி (Psyche) அப்படிங்கற சிறுகோள்ல உலோகம் எவ்ளோன்னு இத்தனை வருஷமா விவாதம் ஓடுது. தண்ணி கலந்த தாதுவை காமிக்கிற 2.7 மைக்ரான் பகுதியை நம்ம வளிமண்டலம் மொத்தமா மறைச்சிடும். அதோட நமக்கு கிடைக்கிறது நம்ம பக்கம் தெரியுற மொத்த மேற்பரப்போட சராசரிதான். 2008 டிசி3ன்னு ஒரு சின்ன சிறுகோளை 2008 அக்டோபர்ல கண்டுபிடிச்சு ஒரு நாள் கூட ஆகல, சூடான் பாலைவனத்துக்கு மேல வந்து வெடிச்சுது, அதுக்குள்ள ஸ்பெயினோட லா பால்மா தீவுல இருக்குற டெலஸ்கோப்ல இருந்து ஸ்பெக்ட்ரம் எடுத்துட்டாங்க. கார்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் பாலைவனத்துல வரிசையா நடந்து பொறுக்குன கல்லுல பெரும்பாலானது யூரிலைட்னு ஒரு அபூர்வ வகை விண்கல், ஆனா கூடவே சம்பந்தமே இல்லாத வேற வகை காண்ட்ரைட்களும் இருந்துச்சு, ஒரே சிறுகோள்ல. அந்த கலவையை எந்த டெலஸ்கோப்பாலயும் தனித்தனியா பிரிச்சு காமிச்சிருக்க முடியாது.

ஆனாலும் இதுவரை தெரிஞ்ச சிறுகோள் பத்து லட்சத்துக்கு மேல, விண்கலம் போனது விரல் விட்டு எண்ணுற அளவு, மத்ததுக்கெல்லாம் டெலஸ்கோப்தான் வழி. 2029 ஏப்ரல் 13 அன்னைக்கு அபோஃபிஸ்ங்கற சிறுகோள் பூமியோட தரையில இருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்துல கடந்து போகுது. அதுவும் எல்எல் காண்ட்ரைட் மாதிரின்னு தரையில இருந்தே சொல்லியாச்சு. பூமியோட ஈர்ப்பு அதை லேசா உலுக்கினா, கருத்த மேல்தோல் சரிஞ்சு உள்ள இருக்குற புது பாறை கொஞ்சமாவது வெளிய தெரியலாம். அப்படி நடந்தா முன்னாடி எடுத்த ஸ்பெக்ட்ரத்தை விட பின்னாடி எடுக்குறதுல 1 மைக்ரான் பள்ளம் ஆழமா இருக்கும், நான் அதுக்காகத்தான் காத்துட்டு இருக்கேன்.